நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு

எங்கள் பக்கம் குழந்தைக்கு மூச்சில் என்ன கோளாறு வந்தாலும் பெயர் ஒன்றுதான்: சளி. மூக்கு ஒழுகினாலும் சளி, இராத்திரி முழுக்க இருமினாலும் சளி, நெஞ்சு கரகரத்தாலும் சளி. விலா உள்ளே போய்ப் பிள்ளை திணறிக்கொண்டிருந்தாலும் “சளி கட்டியிருக்குது” என்றுதான் சொல்வார்கள். தாராபுரம் மார்கழிப் பனிக்கும் ஆடிக் காற்றுக்கும் பழகிய ஊர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று, வழியிலிருக்கும் புழுதியையெல்லாம் அள்ளி வீட்டுக்குள் கொட்டிவிட்டுப் போகும். இருமாத பிள்ளை எந்த வீட்டிலும் இருக்காது. அதனால் ஒரே சொல் போதும் என்று முன்னோர்கள் விட்டுவிட்டார்களோ என்னவோ.

நோய்க்கு ஒரு பெயர்தான் என்றாலும் காரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. தாய்க்காரி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு பால் கொடுத்துவிட்டாள். தயிர் சாப்பிட்டாள். வாழைப்பழம் தின்றாள். பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவிவிட்டு அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்கினாள். வீட்டுக்குத் தூரமான பெண் தொட்டில் பக்கம் போய்விட்டாள், தீட்டுத் தோஷம் பிடித்துக்கொண்டது. இந்தப் பட்டியலில் பறவை தோஷம் ஒன்றுதான் பெண்ணை விட்டுவிட்டுத் தலைக்கு மேல் பறந்த பறவையைக் குற்றம் சொல்கிறது. அதிலும் “பொழுது சாயற நேரத்துல பிள்ளையை வெளிய வெச்சிருந்தது யாரு?” என்ற கேள்வி பின்னாலேயே வரும். ஆண் செய்த காரியத்தால் பிள்ளைக்குச் சளி பிடித்தது என்று என் நாற்பத்தைந்து வயதுக்குள் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. என் மாமனார் தொட்டிலுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்துதான் பீடி பிடிப்பார். பீடிப் புகை பிள்ளையின் நுரையீரலை உண்மையிலேயே கெடுக்கும். ஆனால் எங்கள் வீட்டில் விசாரணை நடந்ததெல்லாம் என் தயிர்ச் சோற்றின் மீதுதான்.

சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல் இருக்கின்றன. ஆரோக்கியமான சின்னப் பிள்ளைக்கே வருஷத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிக்கும் என்பது குழந்தை மருத்துவத்தின் பாலபாடம். அந்தக் கணக்குப்படி ஒரு தாய் வருஷத்துக்கு எட்டு முறை குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். இரண்டு பிள்ளை இருந்தால் பதினாறு முறை.

2010 மார்கழியில் என் மகனுக்கு ஏழு மாதம். இரண்டு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் இராத்திரி பால் குடிக்கும்போது நான்கு வாய் இழுப்பான், விட்டுவிட்டு மூச்சு வாங்குவான். காய்ச்சல் பெரிதாக இல்லை. அதனால் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. கணவர் திருப்பூரில் சாயப்பட்டறையில் நைட் ஷிஃப்ட். மாமியார் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, “விடிஞ்சதும் போய்த் தோஷம் எடுத்துட்டு வந்தரலாம் கண்ணு, படு” என்றார்.

தடுப்பூசி போட வரும் நர்சம்மா ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டுவிட்டாலோ தாண்டினாலோ அது வெறும் சளி இல்லை. அப்புறம் விலாவுக்குக் கீழே பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி வெளியே வராமல் உள்ளே குழிந்தால், எண்ணிக்கொண்டு நிற்கக்கூட நேரமில்லை.

சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து எண்ணினேன். 64. மறுபடி எண்ணினேன். 66. விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது.

“அத்தை, நிமிஷத்துக்கு 64 மூச்சு உடறானுங்க. 50-க்கு மேல போகக் கூடாதுங்க.”

இதே அத்தையிடம் “பையனுக்கு என்னவோ மாதிரி இருக்குதுங்க” என்று சாயங்காலம் சொல்லியிருந்தேன். “முதல் பிள்ளைன்னா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்” என்றார். எனக்கு அது இரண்டாவது பிள்ளை. ஆனால் இப்போது எண்ணைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். “ஏங்கண்ணு, அம்பதுன்னு யாரு சொன்னா?” என்று கேட்டார். நர்சம்மா சொன்னதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பிள்ளையின் வயிற்றையே பார்த்தார். பிறகு மாமனாரை எழுப்பினார். 108 வண்டிகள் தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. “இந்நேரத்துக்கு வருவானா?” என்று மாமனார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது.

மகனுக்கு வந்தது பிராங்கியோலைட்டிஸ். நுரையீரலின் கடைசிக் கிளைகளான மயிரிழைக் குழாய்கள் வைரஸால் வீங்கி அடைத்துக்கொள்வது. இரண்டு வயதுக்குள்தான் வரும், அதிலும் ஒரு வயதுக்குள் அதிகம். ஆர்எஸ்வி என்ற வைரஸ்தான் பெரும்பாலும் காரணம். முதலில் சாதாரணச் சளி போலவே இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சத்துக்குப் போகும். இதற்கு ஆன்டிபயாடிக் பிரயோஜனமில்லை. ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், மூக்கை உறிஞ்சி எடுத்தார்கள், குழாய் வழியாகப் பால் போனது. நான்காம் நாள் அவனாகவே பால் குடித்தான். நிமோனியாவாக இருந்திருந்தால் சிகிச்சையே வேறு, அங்கே ஆன்டிபயாடிக் பெரும்பாலும் உயிர் காக்கும் மருந்து. எது என்று வீட்டில் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க என்னால் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. இது இனி வீட்டில் வைத்திருக்கக்கூடிய மூச்சா இல்லையா என்பதை மட்டும் பிரித்துவிட்டால் போதும். அதற்கு நொடி முள் உள்ள ஒரு கடிகாரமும் ஒரு நிமிஷப் பொறுமையும் வேண்டும்.

அந்த வார்டில் இருந்த நான்கு நாளில் மாமியார் என்னிடம் ஒரு கதை சொன்னார். என் கணவருக்கு முன்னால் பிறந்து ஒன்பது மாதத்தில் போன ஒரு பெண் குழந்தை. மாந்தம் என்று சொன்னார்களாம், மந்திரித்தார்களாம். “வயிறு இப்படியேதான் கண்ணு ஏறி ஏறி எறங்குச்சு. நான் பாத்துட்டேதான் இருந்தேன். சொன்னேன். ஆருகிட்டச் சொல்றது?” என்றார். என்னைத் தோஷம் எடுக்கப் போகலாம் என்றவர் அவர்தான். அவர் கண்ணில் நோயின் குறி விழாமல் இல்லை. பார்த்ததை வீட்டு ஆண்களிடமும் ஊரிடமும் வைத்து வாதாட அவரிடம் எண் இல்லை. தன் குழந்தையைப் பறிகொடுத்த அதே வைத்தியத்துக்கு என் குழந்தையையும் கூட்டிப்போகச் சொன்னது கொடுமை என்று யாராவது சொல்லலாம். அந்த வீட்டில் அவருக்கு அனுமதிக்கப்பட்டிருந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

சில வருஷம் கழித்து நான் பி.எட். முடித்து ஆசிரியையான பிறகு, இந்த 50, 40 எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். 1980-களின் தொடக்கத்தில் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வேலை செய்த ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர், எக்ஸ்ரே இல்லாத இடத்தில் நிமோனியாவை எப்படிப் பிரிப்பது என்று பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் சத்தத்தைவிட மூச்சின் வேகமும் நெஞ்சின் குழிவும் உதவின. அடுத்த முக்கியமான ஆய்வு நம் வேலூரில் நடந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் முதலியோர் 1988-இல் ‘லான்செட்’ இதழில் அதை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள் 50-க்கு மேல், அதற்குமேல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 40-க்கு மேல் என்றால் கீழ்ச் சுவாசப் பாதையில் தொற்று என்று எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆய்வு சொன்னது.

அந்த ஆய்வில் இன்னொரு வரி இருந்தது. “பிள்ளை வேகமாக மூச்சு விடுகிறது” என்று வீட்டிலிருந்து வந்தவர்கள் சொன்னதும் நம்பத் தகுந்த அடையாளமாகவே இருந்தது என்று கண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து வந்தவர் என்றால் பத்துக்கு ஒன்பது பேர் யாராக இருந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைப் படித்தபோது எனக்கு மாமியார் நினைவு வந்தது. அவர் தன் ஒன்பது மாதக் குழந்தையைப் பற்றிச் சொன்னது அப்போதே மருத்துவ உண்மை. ஒப்புக்கொள்ள ஆளில்லாமல் போனதுதான்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் தம்பதியர் இன்னும் ஒரு படி போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளும் நிமோனியாவைக் கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு மணிச்சட்டம் செய்து கொடுத்தார்கள். ஒரு நிமிஷ மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் நிமோனியா. நூறு வரை எண்ணத் தெரியாத பெண்ணுக்கும் பத்து வரை விரல் இருக்கிறதே. கிராமத்து ஆட்களுக்கே கற்றுக்கொடுத்து மருந்தும் கையில் கொடுத்ததில் குழந்தைச் சாவு குறைந்ததை 1990-இல் அதே ‘லான்செட்’டில் எழுதினார்கள். இன்றும் இது பழங்கதை ஆகிவிடவில்லை. 2019-இல் மட்டும் உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த வயதில் நடக்கும் சாவுகளில் நூற்றுக்குப் பதினான்கு.

மூச்சை எண்ணப் பழகியவளுக்குக் காதும் தானாகத் திறந்துகொள்கிறது. சத்தம் மூச்சை இழுக்கும்போது வருகிறதா, விடும்போது வருகிறதா? இந்த ஒரு கேள்வி பாதி வழியைக் காட்டிவிடும். இழுக்கும்போது கரகரவென்று கேட்டால் தடை தொண்டையில், குரல்வளைப் பக்கம். விடும்போது விசில் போலக் கேட்டால் தடை நெஞ்சுக்குள். எங்கள் பக்கத்து வீட்டு இரண்டு வயதுப் பையன் ஒரு நாள் நடுராத்திரியில் நாய் குரைக்கிற மாதிரி இருமிக்கொண்டு எழுந்தான். குரல் கம்மிப்போயிருந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்று பேச்சு நடந்தது. அது குரூப். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை, அதுவும் இராத்திரியில் தாக்கும். பிள்ளையை அழவிடாமல் மடியில் நிமிர்த்தி வைத்திருப்பதே முதல் வைத்தியம், அழ அழ அடைப்பு கூடும். அமைதியாக இருக்கும்போதும் இழுப்புச் சத்தம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. அங்கே ஸ்டீராய்டு மருந்து ஒரு வேளை கொடுத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அவனுக்கும் அடங்கியது.

கக்குவான் என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. சொல்லும்போதே இருமலின் கடைசி இழுப்பு அதில் கேட்கும். இந்தக் கால அம்மாக்கள் அந்த இருமலைக் கேட்டதில்லை, 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசி அதைத் தூரத்தில் வைத்திருக்கிறது. தொண்டை அடைப்பானும் அப்படியே. 2011 டிசம்பரில் அந்த ஊசியை ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியாக இந்தியாவில் முதலில் கொண்டுவந்தவை தமிழ்நாடும் கேரளாவும்தான். 2021-இல் நிமோகாக்கஸ் ஊசியும் இலவசப் பட்டியலில் சேர்ந்தது. என் பிள்ளைகள் காலத்தில் அதைத் தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம்.

கடலைக்காய் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் செடி பிடுங்கிப் போட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்வார்கள். பிள்ளைகள் அங்கேயே விளையாடும், அங்கேயே தின்னும். எனக்குத் தெரிந்த ஒருத்தியின் இரண்டரை வயது மகன் அப்படித் தின்றுகொண்டிருந்தபோது திடீரென்று புரையேறி இருமினான், முகம் சிவந்தது, பிறகு சரியாகிவிட்டான். அன்றிலிருந்து இருமல். காய்ச்சல் கிடையாது, மூக்கு ஒழுகல் கிடையாது. மூன்று வாரத்தில் இரண்டு இடத்தில் காட்டி மூன்று வகை மருந்து கொடுத்தாயிற்று. “கல்லக்கா தின்னுட்டிருந்தான் சார், அப்பத்தான் ஆரம்பிச்சுது” என்று இரண்டு இடத்திலும் அவள் சொல்லியிருக்கிறாள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவர் அந்த வாக்கியத்தில் பேனாவை நிறுத்தினார். வலப்பக்க நுரையீரல் குழாயில் பாதிப் பருப்பு உட்கார்ந்திருந்தது. சளிக்கு முன்னறிவிப்பு உண்டு, தும்மலோ மூக்கு ஒழுகலோ காய்ச்சலோ வரும். நல்லா விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இந்த நிமிஷத்தில் இருமல் தொடங்கியது என்று நேரம் குறிக்க முடிந்தால், ஏதோ உள்ளே போயிருக்கிறது. அவள் நேரத்தைக் குறித்துத்தான் வைத்திருந்தாள்.

வெறும் சளியை வெறும் சளி என்று தெரிந்துகொள்வதும் இதே அளவுக்கு முக்கியம். மூச்சு எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பால் குடிக்கிறான், சிரிக்கிறான், மூக்கு மட்டும் ஒழுகுகிறது என்றால் நாட்கள்தான் மருந்து. ஆனால் மருந்து ஊற்றாத தாயைச் சுற்றியிருப்பவர்கள் விட மாட்டார்கள். “பாட்டில் அம்பது ரூவா, அதைக்கூட வாங்கிக் குடுக்க மாட்டேங்கறா” என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இருமல் சிரப் பலன் தருவதில்லை. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி இருமலுக்கு ‘கோல்ட்ரிஃப்’ கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். 20-க்கும் மேல். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. அந்த வீடுகளில் அளவு மூடியில் ஊற்றி, “ஆ காட்டு சாமி” என்று அவரவர் மொழியில் சொல்லிப் புகட்டியவர்கள் யார் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தயாரித்தவன், சோதிக்காமல் விட்டவன், எழுதிக் கொடுத்தவன் எல்லோரும் இருக்க, வாழ்நாள் முழுக்க அந்த மூடியை மறக்க முடியாதவர்கள் அவர்கள்தான்.

இனி என் மகள் கதை. அதற்கு முன்னால் என் கதை.

1980-களின் கடைசியில் எனக்கு ஏழெட்டு வயது. பனிக்காலத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு இருமல் எழுப்பும். ஓடினால் இளைக்கும். பருத்திமாறு எரியும் அடுப்பருகே உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். ஒல்லியாக இருந்தேன். ஒல்லி, இருமல், பசியில்லை, மூன்றும் சேர்ந்தால் அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெயர் தயாராக இருந்தது: பிரைமரி காம்ப்ளெக்ஸ். குழந்தைக்கு வரும் முதல்நிலைக் காசநோய். உண்மையாகவே காசநோய் வந்த பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு அந்த மருந்துதான் உயிர். ஆனால் சளியில் எந்த இருமலைப் போட்டாலும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். மாத்திரை முடிந்தது, இருமல் முடியவில்லை. எனக்கு இருந்தது ஆஸ்துமா என்று கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது.

தெரிந்தும் என்ன, அம்மா அந்தச் சொல்லை வீட்டுக்குள் விடவில்லை. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். ‘தூசி ஒத்துக்காது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். எனவே நான் தூசி ஒத்துக்கொள்ளாத பெண்ணாகக் கல்யாணமாகி வந்து, மாமனாரின் பீடிப் புகையில் சமையல் செய்தேன்.

மகளுக்கு நாலு வயதில் அதே விடியற்காலை இருமல் வந்தபோது எனக்கு எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காய்ச்சல் இல்லாமல் வருகிறது, சிரித்தாலும் ஓடினாலும் வருகிறது, பனிக்கும் சாம்பிராணிப் புகைக்கும் வருகிறது, போய்விட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. தொற்றுநோய்க்கு இப்படி முறை வைத்து வரத் தெரியாது. டாக்டரும் ஒப்புக்கொண்டார். ஆனால் சீட்டில் ‘வீசிங்’ என்று எழுதினார். “ஆஸ்துமாதானுங்களே டாக்டர்?” என்றேன். “பொம்பளப் பிள்ளை, எதுக்கும்மா அந்தப் பேரு? வீசிங்னே இருக்கட்டும்” என்றார். நல்ல மனுஷன், அக்கறையோடுதான் சொன்னார். இந்த ஊரில் ஆண் பிள்ளைக்கு ஆஸ்துமா என்றால் வைத்தியம், பெண் பிள்ளைக்கு ஆஸ்துமா என்றால் ரகசியம். சின்ன வயதில் ஆஸ்துமா ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது, பருவமடைந்த பிறகு அது திரும்பிப் பெண்களுக்கு அதிகமாகிறது. மறைக்கச் சொல்லிப் பழக்கப்படுத்திய பிறகுதான் அவளுக்கு அது கூடுதலாகத் தேவைப்படப் போகிறது.

வீசிங் என்றால் வந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஆஸ்துமா என்றால் வராத நாளிலும் தடுப்பு இன்ஹேலர் எடுக்க வேண்டும் என்று அர்த்தம். பெயரை மாற்றினால் மருந்தும் மாறிவிடுகிறது, வெட்கம் மட்டும் மாறுவதில்லை. வீட்டில் எல்லோரும் சிரப் கொடு என்றார்கள், இன்ஹேலர் பழகினால் விடாது என்றார்கள். நாத்தனார், “நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றப்ப இதைக் கையில வெச்சுட்டா நிப்பா?” என்று கேட்டார். நான் மறுபடியும் எண்ணையே எடுத்துக்கொண்டு வாதாடினேன். சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து, இன்ஹேலர் ஒரு அழுத்தலில் 100 மைக்ரோகிராம். ஒரு மூடி சிரப்பில் இருப்பது இருபது அழுத்தலின் மருந்து. சிரப் இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைத்துவிட்டுத்தான் நெஞ்சுக்கு வரும், இது நேராக நெஞ்சுக்குப் போகிறது. “எதுங்க அதிகம் பழகற மருந்து?” என்று கேட்டேன். நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. பதில் மாமியாரிடமிருந்து வந்தது. “அவ கணக்குப் போட்டுத்தான் சொல்லுவா, உடு” என்றார்.

அவர் அதற்குள் நல்ல கணக்காளியாகியிருந்தார். தெருவில் எந்தக் கைக்குழந்தைக்குச் சளி என்றாலும் போய்ச் சட்டையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வார். அவருக்கு நொடி முள் பார்க்கச் சரியாகத் தெரியாது. அதனால் பிள்ளையின் தாயைக் கடிகாரம் பார்க்கச் சொல்லிவிட்டு இவர் எண்ணுவார். நின்றுகொண்டிருக்கும் ஆண்கள் யாராவது பேச வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவார். ஒரு நிமிஷம் அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். தோஷம் எடுக்கப் போவதையும் அவர் விடவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் தோஷம், கூடினால் ஆஸ்பத்திரி. இந்த ஏற்பாட்டில் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை.

2025-இல் மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்தாள். விண்ணப்பத்தில் ‘ஏதேனும் நோய் உள்ளதா?’ என்று ஒரு கட்டம். என் அம்மா ஃபோனில், “எதுக்குச் சாமி, இல்லைன்னே எழுது. நாலு பேரு பாக்கற காகிதம்” என்றார். ஸ்பீக்கரில் இருந்தது, மகளும் கேட்டாள். “அமிச்சி, ராத்திரி மூணு மணிக்கு இளைச்சா ரூம்ல இருக்கற பொண்ணுக்குத் தெரியணுமில்ல?” என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகள் ‘ஆஸ்துமா’ என்று எழுதினாள். கட்டம் சின்னது, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் இன்ஹேலரின் பெயரையும், அது பையில் எந்த ஜிப்பில் இருக்கும் என்பதையும் பொடியாக எழுதிச் சேர்த்தாள்.